நார்டிக் நாடுகளில் அரசை எப்படி நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை நிலைக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்வீடனில் குடியேறி 14 ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குப் போனால் சித்தப்பா கேட்கிறார். இங்கே புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகள் கேட்கிறார்கள். நார்வேயில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் வழியாகவும் கேள்விகள் வருகின்றன. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

“நார்டிக் மாடல், நார்டிக் மாடல்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?”

ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற ஐந்து நாடுகளின் ஏற்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐந்தையும் கூட்டினால் மூன்று கோடிப் பேர்கூட இல்லை. பிரசவம், பள்ளி, கல்லூரி, வேலை போனால் கைச்செலவு, பிள்ளை பிறந்தால் விடுப்பு, முதுமையில் ஓய்வூதியம், தள்ளாத வயதில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட ஆள் என வாழ்க்கையின் பெரிய செலவுகளை எல்லோரும் சேர்ந்து வரியாகக் கட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். உதாரணமாக ஸ்வீடனில் பெற்றோர் விடுப்பு 480 நாட்கள். அதில் 90 நாட்கள் அப்பாவுக்கு, 90 நாட்கள் அம்மாவுக்கு என்று ஒதுக்கியவை. அப்பா எடுக்காவிட்டால் அவர் பங்கு வீணாகும், அம்மா பெயருக்கு மாற்ற முடியாது.

1928இல் பேர் ஆல்பின் ஹான்சன் என்ற ஸ்வீடன் தலைவர், நாடு ஒரு நல்ல வீடு மாதிரி இருக்க வேண்டும், அந்த வீட்டில் செல்லப்பிள்ளையும் இருக்கக் கூடாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இருக்கக் கூடாது என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். நான்கு ஆண்டுகள் கழித்து அவரே பிரதமர் ஆனார். ‘மக்களின் வீடு’ என்ற அந்தச் சொல்லை இன்றும் எல்லாக் கட்சிக்காரர்களும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

“அப்போ இது சோஷலிச நாடா?”

இல்லை. கம்பெனிகள் தனியாருடையவை, போட்டி கடுமையானது. ஸ்வீடனில் கம்பெனி லாபத்துக்கு வரி 20.6 சதவீதம்தான். 2015இல் டென்மார்க் பிரதமராக இருந்த லார்ஸ் லோக்கே ராஸ்முசென் அமெரிக்காவில் பேசும்போது, எங்களுடையது சந்தைப் பொருளாதாரம், சோஷலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல என்று இதையேதான் விளக்கினார்.

நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் இன்னொரு செய்தி: இந்த நாடுகளில் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று சட்டம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசித் தொழில்வாரியாக முடிவு செய்கின்றன. 1938இல் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் சால்ட்ஷோபாடன் என்ற கடலோர ஊரில் போட்ட ஒப்பந்தம் ஸ்வீடனில் இதற்கு அடித்தளம். அந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்று பார்க்க வேண்டுமானால் டெஸ்லா வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அந்தக் கம்பெனி மறுத்ததால் 2023 அக்டோபரில் மெக்கானிக்குகள் வெளியேறினார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் அதன் கார்களை இறக்கவில்லை, தபால்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தாண்டியும் அது நீண்டது.

“சம்பளத்துல பாதி வரிக்குப் போயிடுமாமே? ஜனங்க எப்படிப் பொறுத்துக்கறாங்க?”

எல்லோருக்கும் பாதி போவதில்லை. ஸ்வீடனில் உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டும் வரி சராசரியாக 32 சதவீதம், கழிவுகள் போக அதைவிடக் குறையும். ஒரு வரம்புக்கு மேல் சம்பாதித்தால் அந்த மேல் தொகைக்கு மட்டும் மத்திய அரசுக்கு 20 சதவீதம். இவை போக, முதலாளி தன் பங்காகச் சம்பளத்தில் 31.42 சதவீதம் கட்டுகிறார். கடையில் பெரும்பாலான பொருட்களுக்கு 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஆகவே வரி கனம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது, இந்தச் சுமை பணக்காரர் தலையில் மட்டும் இல்லை. பஸ் ஓட்டுபவர், நர்ஸ், துப்புரவுத் தொழிலாளி எல்லோரும் கட்டுகிறார்கள். கட்டும் பணத்தின் பெரும்பங்கு முதலில் உள்ளூருக்கே போகிறது; எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடாக அது கண்ணில் படுகிறது. அதனால் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லை மீறினால் பொறுப்பதும் இல்லை. 1976இல் குழந்தை எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரெனுக்கு மேல் வருமானத்துக்கான வரி 102 சதவீதம் ஆனது. அதாவது கூடுதலாகச் சம்பாதித்த ஒவ்வொரு நூறுக்கும் கையிலிருந்து இரண்டு போட வேண்டும். அவர் அதைப் பகிரங்கமாக எழுதினார், நாடே பேசியது. அந்த ஆண்டு செப்டம்பரில், 40 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது.

“பணக்காரனுக்கும் எதுக்கு இலவசம்? ஏழைக்கு மட்டும் கொடுத்தா மிச்சம் ஆகுமே?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் மொத்த விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. பின்லாந்தில் பிள்ளை பிறக்கப்போகும் தாய்க்கு அரசு ஒரு அட்டைப்பெட்டி கொடுக்கும். உள்ளே சின்னச் சின்னச் சட்டைகள், குளிருக்கு மேலங்கி, போர்வை, அடியில் ஒரு சிறு மெத்தை. சாமான்களை எடுத்துவிட்டால் பெட்டியே தொட்டில். 1938இல் இதை ஏழைத் தாய்மாருக்கு மட்டும் கொடுத்தார்கள். 1949இலிருந்து எல்லாத் தாய்மாருக்கும். ஒரே நிபந்தனை, நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். டாக்டரின் மனைவிக்கும் அதே பெட்டி, டிரைவரின் மனைவிக்கும் அதே பெட்டி.

ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் யார் ஏழை என்று முடிவு செய்ய ஒரு அதிகாரி வேண்டும். அவரிடம் ஏழை கைகட்டி நிற்க வேண்டும். சிலர் வருமானத்தை மறைப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ‘அவனுக்கு எப்படிக் கிடைத்தது’ என்று கறுவுவார், வரி கட்டுகிற நடுத்தர வர்க்கம் ‘நமக்கு என்ன பயன்’ என்று முகம் திருப்பும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிஞர் போ ரோத்ஸ்டைன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: நடுநிலையான, எல்லோருக்குமான அலுவலகங்கள்தான் மக்களுக்குள் நம்பிக்கையை விளைவிக்கின்றன. 1997இல் இந்தியா முழுவதும் ரேஷனை வறுமைக் கோட்டைப் பார்த்துப் பிரித்தபோதும் தமிழ்நாடு அதை எல்லோருக்குமாகவே வைத்துக்கொண்டது நினைவிருப்பவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது.

“நம்பிக்கை நம்பிக்கைங்கறீங்களே, கண்ணால பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரை விட்டு வெளியே போகும் சாலையில் ஒரு பண்ணை வாசலில் மரப்பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் முட்டை அட்டைகள், வேனலில் புது உருளைக்கிழங்கு. ஆள் கிடையாது. அட்டையில் விலையும், போனில் பணம் அனுப்பும் ஸ்விஷ் எண்ணும் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும். எடுத்துக்கொண்டு பணம் அனுப்பிவிட்டு மூடியைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். முதல் தடவை நான் பணம் அனுப்பியதும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரிடமாவது காட்ட வேண்டுமே என்று. யாரும் இல்லை.

அலுவலக விஷயமும் அப்படித்தான். உடம்பு சரியில்லை என்றால் காலையில் மேலாளருக்கு ஒரு வரிச் செய்தி போதும். ஏழு நாட்கள் வரை டாக்டர் சீட்டு கேட்பதில்லை. வருமான வரிப் படிவத்தை வரித்துறையே நிரப்பி அனுப்புகிறது. சரி என்றால் போனில் ஒரு ஒப்புதல், இரண்டு நிமிட வேலை. மார்ச் முடிவதற்குள் ஒப்புதல் கொடுத்து, பணம் திரும்ப வர வேண்டியிருந்தால், ஏப்ரலில் கணக்கில் விழும். உலக மதிப்பீட்டு ஆய்வில் ‘பெரும்பாலான மனிதர்களை நம்பலாம்’ என்று டென்மார்க்கிலும் நார்வேயிலும் பத்தில் ஏழு பேர் சொல்கிறார்கள்.

“அது அவங்க பிறவிக் குணம். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வருமா?”

பிறவிக் குணம் என்றால் நூறு வருஷத்துக்கு முன்பும் இருந்திருக்க வேண்டுமே. 1918இல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர். சில மாதங்களில் 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கு மேல் சண்டையில் அல்ல, மரண தண்டனையிலும் சிறை முகாம்களிலும். 1931இல் ஸ்வீடனின் ஓடாலன் பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். 1850 முதல் 1930 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று முட்டைப் பெட்டியைப் பூட்டாமல் வைக்கிறவர்கள். இடையில் மாறியது ரத்தம் இல்லை. மேலே சொன்ன 1938 ஒப்பந்தம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்த வாக்கும், அதைக் காப்பாற்றிய அலுவலகங்களும்தான்.

“பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை யார் வேணும்னாலும் பாக்கலாமா?”

பார்க்கலாம். பின்லாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில் வரி விவரங்கள் வெளியாகும், பத்திரிகைகள் அதிகம் சம்பாதித்தவர் பட்டியல் போடும். நார்வேயில் இணையத்திலேயே தேடலாம். ஆனால் 2014 முதல் யார் தேடினார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு வேடிக்கை பார்ப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நல்ல திருத்தம் என்று நினைக்கிறேன்.

இதன் வேர் 1766இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஸ்வீடனில் வந்த அச்சுச் சுதந்திரச் சட்டம் அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ், அன்று ஸ்வீடனின் பகுதியாக இருந்த பின்லாந்தைச் சேர்ந்த பாதிரியார். இன்று ஒரு நகராட்சி அதிகாரியின் மின்னஞ்சலைக்கூட, ரகசியச் சட்டத்தில் வராவிட்டால், கேட்டு வாங்கலாம். எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன். எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால் நம்புகிறார்கள்.

“நார்வேக்கு எண்ணெய் இருக்கு. காசு இருந்தா யாரும் நல்லவங்கதான்!”

நார்வேயின் எக்கோபிஸ்க் வயலில் எண்ணெய் கண்டுபிடித்தது 1969இல். நார்வேயின் தேசியக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது 1967இல். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் எண்ணெய் வயலே கிடையாது. ஆக, வரிசை வேறு.

எண்ணெய்ப் பணத்தை நார்வே என்ன செய்தது என்பதுதான் பேச வேண்டியது. 1990இல் சட்டம் போட்டு, 1996 முதல் வெளிநாட்டு முதலீடுகளில் சேர்த்து வைத்தது. நிதியில் எதிர்பார்க்கும் வருமானத்தை மட்டும், அதாவது ஆண்டுக்குச் சுமார் மூன்று சதவீதம், செலவழிக்கலாம் என்பது விதி. முதலில் நான்காக இருந்ததை 2017இல் மூன்றாகக் குறைத்தார்கள். தேர்தல் வந்தாலும் கைவைக்காமல் இருக்கிறார்களே, அதுவும் நம்பிக்கைதான், இன்னும் பிறக்காதவர்களுக்குக் கொடுத்த வாக்கு.

“இப்படி எல்லாம் கொடுத்தா எவன் வேலைக்குப் போவான்?”

பெரும்பாலோர் போகிறார்கள். குறிப்பாகப் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் உலகிலேயே உயர்ந்த இடங்களில் இந்த நாடுகள் இருக்கின்றன. குழந்தைகள் காப்பகம் மலிவாக, வீட்டுப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். நார்வேயில் நோய் விடுப்புக்கு ஒரு வருஷம் வரை முழுச் சம்பளம் கிடைக்கிறது. அங்கே நோய் விடுப்பு எடுப்பது அதிகம் என்பதும் உண்மை. அதை ஒட்டி அவர்களுக்குள் ஓயாத விவாதம் நடக்கிறது.

பின்லாந்து 2017, 2018இல் ஒரு சோதனை செய்தது. வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, எந்தக் கேள்வியும் இல்லாமல். வேலைக்குப் போவதில் பெரிய ஏற்றமோ சரிவோ இல்லை. ஆனால் பணம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், சக மனிதர்களையும் அரசு அமைப்புகளையும் கூடுதலாக நம்பினார்கள். தன்னை நம்பிக் கொடுத்தவரை மனிதன் திருப்பி நம்புகிறான்.

“யாரும் ஏமாத்தவே மாட்டாங்களா?”

ஏமாற்றுகிறார்கள். டென்மார்க்கின் சமூகநலத் துறையில் ஒரு அதிகாரி, வீடற்றவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் ஒதுக்கிய மானியத்திலிருந்து 25 ஆண்டுகளாகச் சுமார் 11.7 கோடி குரோனரைத் தன் கணக்குக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். 2018இல் பிடிபட்டு, 2020இல் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஒருவரையே நம்பி விட்டுவிட்டார்கள், இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. ஸ்வீடனிலும் குற்றக் கும்பல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியாளர் திட்டம், தனியார் மருத்துவ நிலையங்கள் வழியாக அரசுப் பணத்தை உறிஞ்சுவது தெரியவந்தது. அரசு வழங்கும் பணத்தைக் குறுக்குச் சோதனை செய்யவே 2024 ஜனவரியில் ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார்கள்.

கண்காணிப்பு கூடினால் நம்பிக்கை குறையுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஏமாற்றுபவன் தப்பித்துக்கொண்டே இருந்தால் ஒழுங்காகக் கட்டுபவர் மனம்தான் முதலில் உடையும். நான் சோதனையின் பக்கம்.

“அரசாங்கமே தப்பு செஞ்சா?”

செய்திருக்கிறது, பெரிய தவறுகளை. நார்வேயில் நலத்துறை ஐரோப்பிய விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேறு ஐரோப்பிய நாட்டில் தங்கியவர்களை மோசடிக்காரர்கள் என்று நடத்தியது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள், பலரைச் சிறைக்கே அனுப்பினார்கள். அவர்கள் குற்றமே செய்யவில்லை என்பது 2019 அக்டோபரில் வெளியே வந்தது. நலத்துறை மட்டும் அல்ல, அரசு வழக்கறிஞர், நீதிபதி, சட்டப் பேராசிரியர் வரை அத்தனை பேரும் கோட்டைவிட்டார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது.

இன்னும் கறுப்புப் பக்கங்கள் உண்டு. ஸ்வீடனில் 1930களிலிருந்து 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அதில் பல வற்புறுத்தியோ அழுத்தம் கொடுத்தோ. கிரீன்லாந்தில் 1966 முதல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, சிறுமிகள் உட்பட, பலருக்குச் சம்மதமே கேட்காமல் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். டென்மார்க் பிரதமர் மெட்டே பிரெடெரிக்சன் 2025இல்தான் மன்னிப்புக் கேட்டார். அதே ‘நல்ல வீட்டில்’ இவர்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளாக இருந்தார்கள். இதைச் சொல்லாமல் நார்டிக் பெருமை பேசுபவர்களை நான் ஏற்பதில்லை.

“பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்களாமே, உண்மையோ?”

நார்வேயிலிருந்து வந்த கேள்வி. முதலில் சட்டம்: பிள்ளையை அடிப்பது குற்றம். 1979இல் உலகிலேயே முதலில் தடை செய்தது ஸ்வீடன், நார்வே 1987இல். ‘ஒரு தட்டுத்தானே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது, எடுபடக் கூடாது என்பதே என் கருத்தும்.

ஆனால் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் ஸ்டாவங்கரில் ஒரு இந்தியக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொண்டது இரு நாட்டு அரசுகளும் பேசும் அளவுக்குப் போனது. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு வேறொரு வழக்கில், நார்வே குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. பெற்ற தாயிடமிருந்து பிள்ளையை நிரந்தரமாகப் பிரிப்பதில் அவசரப்பட்டார்கள் என்பதுதான் சாரம். அடுத்த ஆண்டு நார்வே உச்ச நீதிமன்றம் அதற்கேற்ப வழிமுறையை மாற்றிக்கொண்டது. உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் ஒளியாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், வக்கீலோடு போங்கள். ஒளிவதுதான் அங்கே சந்தேகத்தைக் கூட்டும்.

“வெளிநாட்டுக்காரங்க வந்ததாலதான் எல்லாம் கெட்டுப் போச்சுங்கறாங்களே?”

நாமும் அந்த வெளிநாட்டுக்காரர்கள்தான். 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்டனி இராஜேந்திரம் நார்வே போய்ச் சேர்ந்தார். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் பலர் வடகோடி பின்மார்க்கில் மீன் வெட்டும் ஆலைகளில் நின்று வரி கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் அங்கே போன கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோ துணை மேயர் ஆனார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர்.

அதேசமயம் சிக்கல் கற்பனை அல்ல. 2015இல் மட்டும் ஸ்வீடனில் ஏறத்தாழ 1,63,000 பேர் புகலிடம் கேட்டார்கள். வீடு, மொழி வகுப்பு, வேலை எதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சில புறநகர்களில் துப்பாக்கிச் சண்டை வந்தது. 2022 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஸ்வீடன் ஜனநாயகர்கள் 20.5 சதவீத வாக்கு வாங்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கோத்தன்பர்க்கில் 1986 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், மக்கள் ஒருவரையொருவர் நம்பும் அளவு மொத்தத்தில் சரிந்துவிடவில்லை. குறைவாக இருப்பது வேலையில்லாதவர், நோயாளிகள், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம். டென்மார்க் 2018இல் போட்ட சட்டம் குடியிருப்புகளை ‘மேற்கத்தியர் அல்லாதோர்’ எத்தனை பேர் என்பதையும் வைத்து வகைப்படுத்துகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதான் நம்பிக்கையின் வேர் என்று நான்காம் பதிலில் சொன்னேன். பூர்வீகத்தைப் பார்த்து விதி மாறினால் அந்த வேரிலேயே கத்தி விழுகிறது.

“ஒருத்தரை ஒருத்தர் நம்பறதும் அரசை நம்பறதும் ஒண்ணா?”

இரண்டும் உறவுக்காரர்கள், ஒரே ஆள் அல்ல. ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரு வாரத்துக்குள் விழுந்தன. நாடாளுமன்றத்தின் மீது நம்பிக்கை பாதாளத்துக்குப் போனது. 2009 ஜனவரியில் மக்கள் சட்டிபானைகளைத் தட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்றார்கள், அரசு கவிழ்ந்தது. ஆனால் அண்டை வீட்டாரோடு இருந்த நம்பிக்கை அப்படி விழவில்லை. தனி வழக்கு விசாரணையாளர் அமைத்து வங்கித் தலைவர்களையே சிறைக்கு அனுப்பினார்கள். அரசியல்வாதிகள் மீதான நம்பிக்கை ஏறும், இறங்கும். நீதிமன்றம், வரித்துறை, காவல்துறை மீதான நம்பிக்கை போனால்தான் மனிதர்களுக்கு இடையிலும் போகத் தொடங்கும்.

“ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா காத்திருக்கணுமாமே?”

அவசரம் என்றால் உடனே பார்ப்பார்கள். முழங்கால் அறுவை மாதிரி விஷயங்களுக்குக் காத்திருப்பு உண்டு. ஸ்வீடனில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 90 நாள், பிறகு சிகிச்சைக்கு 90 நாள் என்று உத்தரவாதம் இருக்கிறது, பல இடங்களில் அது காப்பாற்றப்படுவதில்லை. வசதியுள்ளவர்கள் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு முந்திப் போகிறார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய கவலை. டாக்டரின் மனைவியும் டிரைவரின் மனைவியும் ஒரே வரிசையில் நிற்காவிட்டால், வரிசையைச் சரிசெய்ய டாக்டர் ஏன் வரி கட்ட வேண்டும்?

பள்ளியிலும் அதே கதை. 1992 முதல் ஸ்வீடனில் அரசுப் பணத்தில் தனியார் பள்ளி நடத்தலாம், லாபமும் எடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை நல்லது என்பவர்களும், பிள்ளைகளுக்கான பணம் பங்குதாரருக்குப் போகிறது என்பவர்களும் இன்றும் மோதுகிறார்கள். நான் இரண்டாவது பக்கம்.

“கிழவங்க அதிகம், குழந்தைங்க குறைவு. பென்ஷனுக்குப் பணம் எங்கேருந்து வரும்?”

கடினமான கேள்வி. பின்லாந்தில் 2010இல் ஒரு பெண்ணுக்கு 1.87 குழந்தை என்றிருந்த பிறப்பு விகிதம் 2023இல் 1.26க்கு வந்துவிட்டது. அட்டைப்பெட்டியும் விடுப்பும் இருந்தும் இப்படி. டென்மார்க் ஓய்வு வயதை ஆயுட்காலத்தோடு கட்டிவிட்டது. 2040இல் 70 ஆக்கும் சட்டம் 2025 மே மாதம் 81க்கு 21 என்று நிறைவேறியது. கூரை வேய்பவரும் செங்கல் அடுக்குபவரும் 70 வயது வரை எப்படி என்று கேட்டார்கள், சரியான கேள்வி.

ஸ்வீடன் 1990களின் நெருக்கடியில் பாடம் படித்தது. 1992 செப்டம்பரில் மத்திய வங்கி ஒரு வட்டி விகிதத்தை 500 சதவீதத்துக்கு ஏற்றிய காலம் அது. ஆளும் கூட்டணியின் நான்கு கட்சிகளும் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஐந்து கட்சிகள் உட்கார்ந்து ஓய்வூதியத்தையே மாற்றி எழுதின. பணம் போதாவிட்டால் ஓய்வூதியம் தானாகக் குறையும். 2010இல் உண்மையிலேயே குறைந்தது. ஒவ்வொரு ஆண்டும் வீட்டுக்கு ஓர் ஆரஞ்சு உறை வரும், இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மாதம் தோராயமாக எவ்வளவு கிடைக்கும் என்று. கிடைக்கும் தொகை குறைவு என்றாலும் மறைக்காமல் சொல்கிறார்கள். முதல் உறையைப் பிரித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் முன்னதாகவே தெரிந்துகொண்டேன்.

“சரி, இன்னும் முப்பது வருஷத்துக்கு இது நிக்குமா?”

பணத்தால் விழாது என்று நினைக்கிறேன். 1990களில் இதைவிட மோசமான நிலையிலிருந்து எழுந்திருக்கிறார்கள். விழுந்தால், கேட்காமல் முடிவு செய்வதால் விழும். ஒரு சின்ன உதாரணம். டென்மார்க்கில் 1686 முதல் இருந்த பெரும் பிரார்த்தனை நாள் என்ற விடுமுறையை, பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அரசு 2024 முதல் எடுத்துவிட்டது. போனது ஒரே ஒரு நாள். கோபன்ஹேகனில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். பாதுகாப்புச் செலவு வேண்டாம் என்று அதிகம் பேர் சொல்லவில்லை. தொழிற்சங்கங்களைக் கலந்து பேசாமல் எப்படிச் செய்யலாம் என்பதே கோபம். மேலே 1938 தொழிற்சங்க ஒப்பந்தம் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டால் அந்தக் கோபம் புரியும்.

“எனக்கு மொழி தெரியாது. ஆபீஸ்லேருந்து கவர் வந்தாலே கை நடுங்குது. என்ன செய்யறது?”

போன மாதம் வந்து சேர்ந்த ஒரு தங்கை கேட்டது. முதலில் பிரியுங்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இந்த முடிவு தவறு என்று நினைத்தால் எப்படி மேல்முறையீடு செய்வது, எத்தனை நாளுக்குள், எந்த முகவரிக்கு என்று அங்கே எழுதியிருக்கும். பெரும்பாலும் அதைக் கையாண்ட அதிகாரியின் பெயரும் இருக்கும். கூப்பிடலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது விடுப்புப் பணத்தை ஓர் அலுவலகம் தவறான சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டுவிட்டது. மூன்று மாதம் கையைக் கடித்தது. எனக்கு எழுதத் தயக்கம். வெளிநாட்டுக்காரன், கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று. மனைவிதான் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்து, தப்புத்தப்பான ஸ்வீடிஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் வரி, நாங்கள் முடிவை மாற்றுகிறோம். இரண்டாவது வரி, தவறு எங்களுடையது. மிச்சப் பணம் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. அந்தக் கடிதத்தை நாங்கள் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறோம்.